உப்பு குறைத்த மொச்சைக் குழம்பு

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ராத்திரி ஊறப்போட்ட மொச்சையின் தண்ணீரைக் கொட்டினேன். முகம்கூடக் கழுவவில்லை. கொல்லைக் கதவைத் திறந்தபோது எதிரே மலையே தெரியவில்லை, அவ்வளவு பனி. குண்டானைச் சாய்த்ததும் ஊறின தோலின் பச்சை வாடை மேலே வந்தது. வேறு தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் கொட்டினேன். பருப்பைப் பிதுக்கி வேகவைத்து, கொதித்த தண்ணீரையும் வடித்துவிட்ட பிறகுதான் நின்றேன். இப்படிக் கொட்டுவது உங்களுக்காகக் கற்றுக்கொண்டது. கிட்னி போனவர்களுக்குக் காயிலும் பருப்பிலும் இருக்கிற சத்தே பாரம், அதைத் தண்ணீரில் இறக்கி வெளியே விட்டுவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் இல்லாமல் இது முதல் மார்கழி. இந்த வீட்டில் இப்போது நோயாளி யாரும் இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்கிறார். மாமாவை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகளுக்குத் தலைவலி, அக்கா. மார்கழி பிறந்ததிலிருந்து பவித்ரா நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறாள். "பனி ஒத்துக்கல சித்தி" என்கிறாள். உங்களைப் போலவே காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு சங்கராபுரத்துக்கு வேலைக்குப் போக பஸ் பிடிக்க ஓடுகிறாள். தை பிறந்தால் அவளுக்கு நிச்சயதார்த்தம்; மாப்பிள்ளை வீடும் அதே சங்கராபுரம்தான்.

உங்கள் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு நான் இந்த வடக்கனந்தல் வீட்டுக்குச் சின்ன மருமகளாக வந்ததும் குளிர் விடாத ஒரு தை மாதம்தான். மறுநாள் காலை அடுப்படிக்குள் நுழைந்தபோது, தலையில் துண்டு கட்டி உட்கார்ந்து மொச்சை பிதுக்கிக்கொண்டிருந்தீர்கள். வெள்ளிமலை பஸ்ஸில் மூட்டையாக வந்து இறங்கிய பச்சை மொச்சை. உரித்து ராத்திரி தண்ணீரில் போட்டால் காலைக்குள் தோல் நெகிழ்ந்துவிடும். விரல்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் பருப்பு வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் விழும். எனக்குப் பழக்கமில்லை. நான் அழுத்திய முதல் பருப்பு துள்ளிப் போய் உங்கள் மூக்கில் அடித்தது.

"இன்னா காலேஜு, வந்த மறுநாளே அடிக்க ஆரம்பிச்சிட்ட?" என்றீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். தாவரவியல் படித்தவளுக்கு மொச்சை பிதுக்கத் தெரியவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் போய் எப்போது அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன் என்று நினைவில்லை.

தலையில் ஏன் கட்டு என்று அன்றே கேட்டேன். "பனி. எனக்கு மார்கழியும் தையும் மண்ட இடிதான்" என்றீர்கள். அதற்கு வைத்தியமும் உங்களிடம் இருந்தது. கேழ்வரகுக் களியைச் சுடச்சுடக் கிண்டி, உருண்டையின் நடுவில் குழி பறித்து, தேங்காய் அரைத்துவிட்டு நெத்திலிக் கருவாடு போட்ட மொச்சைக் குழம்பை அதில் நிறைய ஊற்றிக்கொள்வீர்கள். மூக்கிலும் நெற்றியிலும் நீர் வடியும். "வேர்த்துட்டா வுட்டுடும் பாரு" என்பீர்கள். வேர்க்கும். கொஞ்சம் விட்டதுபோலவும் இருக்கும். பனிதான் காரணம் என்று அதிலேயே உறுதியாகிவிடும். மறுநாள் இன்னும் கொஞ்சம் மிளகு, இன்னும் ஒரு கைப்பிடி கருவாடு.

நம் பக்கத்தில் மார்கழித் தலைவலிக்கு யாரும் வேறு காரணம் தேடுவதில்லை. பனி விழுகிறது, தலை வலிக்கிறது, அவ்வளவுதான். அது ரத்தக் கொதிப்பாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீடே சேர்ந்து அதற்கு உப்பை ஊட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு மார்கழியில் உங்கள் கால் செருப்புக்குள் நுழையவில்லை. கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு கிட்னியிலும் நீர்க்கட்டிகள், கொத்துக் கொத்தாக. பல வருடமாக இருந்த கொதிப்பு மீதியையும் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். முன்னாலேயே தெரிந்து, மாத்திரை போட்டு, உப்பைக் குறைத்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றார். உங்கள் அப்பா எப்படிப் போனார் என்று கேட்டார். வீங்கிப் போனார் என்றீர்கள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, இது பரம்பரையாக வரக்கூடியது, பிள்ளைகளுக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். வீங்கிய விரல்கள், ஆனால் பிடி இறுக்கமாக இருந்தது.

"அவரு கடைசியா சொன்னது உங்காதுல வுழல, இன்னா?"

"ஒரு ஸ்கேன்தானேக்கா. பாத்துட்டா நிம்மதி."

"இல்லன்னு சொன்னா நிம்மதி. இருக்குதுன்னு சொன்னா? எவன் கட்டுவான் அவள? தெரியாத இருந்த வருசமெல்லாம் நான் நல்லாத்தான்டி இருந்தேன். வாய்க்கு ருசியா தின்னேன், வேல செஞ்சேன், சிரிச்சேன். இன்னிக்குத் தெரிஞ்சிச்சி, இன்னிலேருந்து நான் நோயாளி. எம்பொண்ணுக்கு அது வேணாம். கல்யாணம் ஆவட்டும், ஒரு புள்ள பொறக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

மாமா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். உங்கள் பேச்சுக்கு நான் எப்போதும் தலையாட்டித்தான் பழக்கம்.

அந்த மார்கழியிலிருந்து உங்கள் சமையல் என் கைக்கு வந்தது. டயாலிசிஸ் முடிந்து வரும் நாளில் உடம்பு குளிரில் வெடவெடக்கும். சூடாக, காரமாக ஏதாவது கேட்பீர்கள். கேட்பதெல்லாம் வேண்டாம் என்று சொன்ன பட்டியலில் இருக்கும். கருவாடு கூடாது, தேங்காய் கூடாது, புளி கூடாது, உப்பு பேருக்குத்தான். குழம்பையும் குடிக்கிற தண்ணீரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மீதி இருப்பது என்ன என்று அடுப்புக்கு முன்னால் நின்று யோசித்தேன். அரிசியை வறுத்துப் பொடித்து, தேங்காய் கொடுக்கும் கெட்டியை அதில் கொண்டுவந்தேன். பூண்டைத் தோலோடு தணலில் சுட்டு நசுக்கிப் போட்டேன்; கருவாட்டின் இடத்தில் அந்தக் கருகல் வாசனை கொஞ்சம் உட்கார்ந்துகொண்டது. மொச்சையைத் தண்ணீர் மாற்றி மாற்றி வடித்து, அதிலும் கொஞ்சமே போட்டேன். இறக்கிய பின் நாலு சொட்டு எலுமிச்சை. களியில் அரிசி நொய் ஜாஸ்தி, கேழ்வரகு நிறத்துக்கு மட்டும்.

முதல் நாள் அதை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இதுக்கு இன்னாடி பேரு?"

"மொச்சக் கொழம்புக்கா."

"மொச்ச தெரியுது. கொழம்பு எங்க?"

"அதுலதான்க்கா இருக்குது."

"பூண்டு மட்டும் வூட்ல கீது. மத்ததெல்லாம் ஊருக்குப் போயிருக்குது போல."

பவித்ரா சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. நீங்களும் சிரித்தீர்கள். தட்டையும் காலி செய்தீர்கள். குறை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டு முடிப்பதுதான் உங்கள் வழக்கமாயிற்று. நானும் விடவில்லை. ஒரு நாள் வெங்காயத்தைச் சுட்டுப் பார்த்தேன், ஒரு நாள் மல்லியை வறுத்து மேலே தூவினேன். நாக்கை ஏமாற்ற முடிந்த நாளில், "காலேஜு இன்னிக்கு பாஸு" என்பீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் விடியற்காலையிலேயே அடுப்புக்கு முன் நின்ற நாட்கள் உண்டு. உப்பில்லாத அந்தச் சாப்பாட்டில்தான் நம் நம்பிக்கை இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. பத்தியம் இருக்கிற வரைக்கும் ஆள் பிழைக்கிற கணக்கில் இருக்கிறாள்.

அடுத்த குளிர்காலத்தில் இதயமும் தளர்ந்துவிட்டது. டாக்டர் மாமாவையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். நிறைய பேசினார். கடைசியில், "இனிமே அவங்க கேக்கறத குடுங்கம்மா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் தெரியாதவர் நம் ஊரில் யாரும் இல்லை. உங்களை ஆம்புலன்ஸில் பவித்ராவோடு அனுப்பிவிட்டு, மாமாவும் நானும் அவர் வண்டியில் பின்னால் வந்தோம். சந்தை ஓரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் நெத்திலிக் கருவாடு. அதை என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அழுதாரா என்று பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பழைய குழம்பை வைத்தேன். தேங்காய் அரைத்தேன், புளி கரைத்தேன், கல்லுப்பை அள்ளிப் போட்டேன். அந்த வாசனை மறுபடி வீட்டில் எழுந்தது. கேழ்வரகுக் களியில் குழி பறித்து ஊற்றி உங்களிடம் கொண்டுவந்தேன். தலையணையைச் சாய்த்து உட்கார வைத்து நானே ஊட்டினேன். முதல் வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டாவது வாய்க்கு என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"டாக்டரு கைய வுட்டுட்டாரா?"

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல. இவ்ளோ படிச்சவ, கொழம்புகிட்ட சொல்லி அனுப்புற."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். மீதியையும் ஊட்டச் சொன்னீர்கள். மெதுவாக, ஒவ்வொரு நெத்திலியாக மென்று சாப்பிட்டீர்கள். "உப்பு ஒரு கல்லு ஜாஸ்தி" என்றீர்கள் முடிவில். பிறகு கதவைப் பார்த்தீர்கள். வெளியே பவித்ரா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"நாளைலேருந்து பழையபடியே செய். அவ பாத்துக்கினே இருக்கா. கருவாட்டப் பாத்தா அவளுக்கும் தெரிஞ்சிடும்."

அதற்குப் பிறகு கடைசி வரை உப்பில்லாததையே சாப்பிட்டீர்கள். "சே, இன்னிக்கும் ஃபெயிலு" என்று மகள் காதில் விழும்படி என்னைத் திட்டினீர்கள். அவள் சிரிப்பாள். அம்மா பத்தியத்தில் இருக்கிறாள், தேறிவிடுவாள் என்று நம்பிக்கொண்டு பஸ் ஏறுவாள். தை முடிவதற்குள் போய்விட்டீர்கள். அவள் அன்று வேலைக்குப் போயிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்தவள் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தானே இருந்த, காலைல நல்லாத்தானே இருந்த" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டதற்கு அந்த வீட்டில் பதில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். இருவருமே வாயைத் திறக்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

போன வாரம் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, உங்களுக்கு வாங்கின பிரஷர் மிஷினை அலமாரியிலிருந்து எடுத்தேன். சும்மா பார்க்கலாம் கையை நீட்டு என்றேன். மிஷின் இறுக்கிப் பிடித்து, உங்களுக்குக் காட்டிய மாதிரியான எண்ணைக் காட்டியது.

"எவ்ளோ சித்தி?"

"பேட்டரி போயிடுச்சி போல. தப்புத் தப்பா காட்டுது."

"தூக்கிப் போடு. அம்மாவோட அதுவும் போச்சி."

அன்று மாலையே மாமாவிடம் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார். "நிச்சயம் முடியட்டும்மா" என்றார். "ஊர்ல ஒருத்தன் காதுல வுழுந்தா சங்கராபுரத்துக்குப் போவ எவ்ளோ நேரம் ஆவும்? அவ எங்கிட்ட கேட்டுக்கினு போன ஒரே விசயம் இதான். அத நான் எப்பிடி மீறுவேன்?" அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் வாதாடவில்லை. அவர் பயம் பொய்யில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணோடு சேர்த்து அவள் அம்மா எப்படிப் போனாள் என்றும்தான் கேட்கிறார்கள்.

வாதாடாமல் நான் செய்தது என்ன தெரியுமா? வீட்டுக் குழம்பில் உப்பைக் குறைத்தேன். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல். கருவாடு வாங்குவதை நிறுத்தினேன். ஊறுகாய் ஜாடியை மேல் பரணுக்கு ஏற்றினேன். மாமா ஒரு நாள், "இன்னாம்மா, கொழம்பு ஊமையா கீது" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்.

இன்று ஞாயிறு. பவித்ரா வீட்டில் இருந்தாள். காலையில் நான் வடித்து வைத்த மொச்சையில் குழம்பு வைத்து, களி கிண்டி அவளுக்கும் மாமாவுக்கும் போட்டேன். அவள் ஒரு வாய் வைத்தாள். மென்றாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இது அம்மா கொழம்பு."

உங்கள் கருவாட்டுக் குழம்பை அவள் மறந்துவிட்டாள், அக்கா. அம்மா குழம்பு என்றால் அவளுக்கு இதுதான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அடுப்பைத் திரும்பிப் பார்த்தபடி நான், "எனக்குத்தான். பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

"எப்பலேருந்து? சொல்லவே இல்ல? இந்த வூட்ல யாரும் எதுவும் சொல்லவே மாட்டீங்களா? அம்மாவுக்கும் இப்பிடித்தான், எல்லாம் முடிஞ்சப்பறம்தான் எனக்குத் தெரிஞ்சிது." கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "நாளைக்கு லீவு போடறேன். கள்ளக்குறிச்சிக்குப் போயி உனக்கு எல்லாத்தியும் பாத்துடலாம். லேட்டா போனா இன்னா ஆவும்னு நாம பாத்தமில்ல? ஏம்பா, நீயாவது சொல்லு அதுக்கு."

மாமா தலையைக் குனிந்துகொண்டு, "போயிட்டு வாங்க" என்றார்.

மாலை வரை அவள் என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள். தலைவலியோடு தான் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டாள். ஊறுகாய் ஜாடி ஏன் பரணில் இருக்கிறது என்று இப்போது புரிகிறது என்று சொல்லி, தனக்குத் தெரியாமல் நான் தின்கிறேனா என்று அதட்டினாள். அதட்டும்போது உங்கள் குரல் அப்படியே வருகிறது.

நீங்கள் வராந்தாவில் சொன்னதை நான் மறக்கவில்லை. தெரியாத வருஷங்கள் நல்ல வருஷங்கள் என்றீர்கள். எனக்கு அவை நினைவிருக்கின்றன. உங்கள் நெற்றியில் துண்டு இல்லாத மார்கழி ஒன்றுகூட அவற்றில் இல்லை. அவளுக்கும் அப்படியே இருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஒன்றும் இல்லாமலும் போகலாம். வெறும் பனியாகவே இருக்கலாம். ஆனால் இருந்தால், அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்காதது அது ஒன்றுதான்.

உங்களிடமிருந்து என்னிடம் தங்கிப்போனது பெரிதாக ஒன்றுமில்லை. உப்பு கொஞ்சம் கூடினாலும் என் நாக்கு இப்போது ஏற்பதில்லை. மொச்சையைக் கண்டால் கை தானாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. உங்களுக்குப் பதில் சொல்லாமல் நின்ற அந்தக் காலையும் கூடவே இருக்கிறது. அதை எங்கேயும் கொட்ட முடியவில்லை.

நாளைக் காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், அவளை உட்கார வைத்துச் சொல்லிவிடப் போகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை, சந்தேகம் உன்மேல்தான் என்று. உன் தாத்தாவுக்கும் அம்மாவுக்கும் வந்தது இது, உனக்கும் வந்திருக்கலாம் என்று. பார்த்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்வதா என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். மாமா என்னோடு பேசாமல் போகலாம். இந்த வீட்டில் நான் இருக்கும் இடமே மாறிப்போகலாம். வெளியூர் வேலையில் இருக்கும் உங்கள் கொழுந்தனாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை; உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை, அக்கா. நாளைக்குத் தட்டப் போகிறேன்.